கடன்காரப் பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போனோம்

ஜமுனாமரத்தூர்,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

என் கண்ணு ஜீவானந்தத்துக்கு அம்மா கெங்கம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, பசு, அதன் கன்று, கூரையில் குடியிருந்துகொண்டு வாடகை தராத அணில் எல்லோரும் சுகம். அங்கே பரோடாவில் நீயும் உன்னோடு கொட்டகையில் தங்கியிருக்கிற பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று உன் அப்பா பெயர் கொண்ட சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டிருக்கிறேன். இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். கையில் உளி சுத்தியல் இருந்தால் கீழே வை. போனில் சொல்லலாம் என்று டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறிப் பார்த்தேன், ஒரு கோடு வந்தால் ஒரு கோடு போகிறது, அதோடு நீ நடுவில் அம்மா இரு, அம்மா இரு என்று குறுக்கே விழுவாய். கடிதத்தில் அப்படி விழ முடியாது, நான் சொல்லி முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும், எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

உன் போன கடிதத்தை உன் அப்பா திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். ஆறு வருஷம் சிற்பம் படித்தது தப்பு, பேங்க் கடன் வட்டியோடு நாலே முக்கால் லட்சத்தில் வந்து நிற்கிறது, சித்திரையிலிருந்து மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் கட்ட வேண்டும், பத்து வருஷம் கட்ட வேண்டும், கட்டி முடிக்கும்போது தலை நரைத்துவிடும், அதனால் வாணியம்பாடிப் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் மாடல் வரைகிற வேலைக்கு இருபத்திரண்டாயிரம் சம்பளத்துக்குப் போகப் போகிறேன், இனி உளியைத் தொடப்போவதில்லை, வடிவேலு மாமா வீட்டுக்குப் பெண் கேட்டுப் போக வேண்டாம், கடன்காரனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தாய். நாங்களும் கணக்குப் போட்டுப் பார்த்தோம் கண்ணு. உதவித்தொகை கல்லூரிக்குக் கட்டுகிற பணத்துக்குச் சரியாகப் போயிற்று, தங்க, தின்ன, கல் வாங்க, வெண்கலம் உருக்க என்று வாங்கிய அசல்தான் நாலு லட்சம், உன் அப்பாவும் கையெழுத்துப் போட்டவர்தானே. வரவுப் பக்கம் பார்த்தால் நீ இதுவரை விற்றது ஒரே ஒரு வெண்கல ஆமை. பன்னிரண்டாயிரத்துக்குப் போயிற்று, கடைக்காரர் பாதியை எடுத்துக்கொண்டார், உலோகச் செலவு ஐயாயிரம், மிச்சம் இருந்த ஆயிரத்துக்குச் சிநேகிதர்களுக்குப் பிரியாணி வாங்கிப் போட்டுவிட்டாய். நான் இதைச் சத்தமாகப் படித்ததும் உன் அப்பா ரொம்ப யோசித்துவிட்டு, பிரியாணி நல்லா இருந்திச்சான்னு கேளு என்றார். கேட்டுவிட்டேன், பதில் எழுது.

எல்லாம் இருக்கட்டும், வடிவேலு மாமா வீட்டுக்குப் போகாதே என்று எழுதினாய் பார், அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. டேய், நாங்கள் எப்போதடா போகிறோம் என்று சொன்னோம்? எங்கள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததா? என் பெரியப்பா மகன் வடிவேலு அண்ணனுக்கு ஒரு பெண் இருப்பதும், அவள் உன்னோடு பள்ளியில் படித்தவள் என்பதும், இப்போது இங்கே நம் ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள் என்பதும் ஊருக்கே தெரியும், ஆனால் ரேணுகாதேவி உன் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது நீயாக எழுதின பிறகுதான் பெற்றவளுக்குத் தெரிகிறது. உன் அப்பாவிடம் சொன்னதும் மனிதர் சாமைக் கதிரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சிரிக்கிறார் சிரிக்கிறார், பசு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. போகாதே என்று நீ சொன்ன பிறகு போகாமல் இருந்தால் நான் உன் அம்மாவா? அடுத்த வாரமே வெற்றிலை பாக்கு, வெல்லம், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் கட்டிக்கொண்டு ஊர்க்கவுண்டர் ரங்கசாமியை முன்னால் விட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம்.

நம் மலையில் பெண் கேட்கப் போனால் பெற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, ஊர்க்கவுண்டர்தான் பேச வேண்டும் என்பது உனக்குத் தெரியும். என்னைப் பற்றியும் உனக்குத் தெரியும். அதனால் பஸ்ஸிலேயே கவுண்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். பையன் இன்னா படிச்சான் என்று கேட்டார். சிற்பம் என்றேன். கோயில் வேலையா என்றார். இல்லை என்றேன். அப்ப வூட்டு வேலையா, நிலைக்கதவு, தூணு மாதிரியா என்றார். அதுவும் இல்லை என்றேன். அப்ப இன்னாத்துக்கும்மா அது என்றார். பார்க்கிறதுக்குங்க என்றேன். பார்க்கிறதுக்கு ஆறு வருஷமா என்று அவர் சிரித்த சிரிப்பில் போட்டிருந்த வெற்றிலை புரையேறி, கண்டக்டர் தண்ணீர் பாட்டில் கொடுக்கும்படி ஆகிவிட்டது. வளைவில் எல்லாம் எனக்குத் தலை சுற்றும், அன்றைக்குச் சுற்றவே இல்லை, அவ்வளவு குஷி எனக்கு.

வடிவேலு அண்ணன் வீட்டில் நல்ல மரியாதை. பாய் விரித்து, காபி கொடுத்து, அண்ணி சாந்தம்மாள் முறுக்கு வேறு சுட்டிருந்தாள். அவர்கள் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். நம் கவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காணி இவ்வளவு, புளிய மரம் நாலு, பலா ரெண்டு, மாடு கன்று என்று வரிசையாகச் சொன்னார். அதுவரை எல்லாம் தலையாட்டினார்கள். பையன் வேலை என்று வந்ததும் கவுண்டர் என்னைப் பார்த்தார், நான் போனை எடுத்து நீ பரீட்சைக்குச் செய்த அந்த மாட்டின் படத்தைக் காட்டினேன். உனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா கண்ணு? ஒரு முழு மாடு செய்திருக்கக் கூடாதா? சுவருக்குள்ளே போகிற மாதிரி வெறும் பின்பக்கம் மட்டும் செய்து வைத்திருக்கிறாயே, போன் கைமாறிக் கைமாறிப் போகிறது, ஒவ்வொருத்தரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். வடிவேலு அண்ணன் போனைத் திருப்பிப் பின்னால் பார்த்தார், முன்பக்கம் அங்கே இருக்குமோ என்று. அப்புறம், இடுப்பெலும்பு சரியா கீது, ரெண்டு ஈத்து ஈன்ன மாடு, ஆனா முன்பக்கம் எங்க தங்கச்சி என்று கேட்டார். நான் திருதிருவென்று விழிக்கிறேன், நம் ரங்கசாமிக் கவுண்டர் சட்டென்று, முன்பக்கம் இன்னாத்துக்குப்பா, அது தீனி தின்னுற பக்கம், செலவு, பாலு பின்பக்கம்தானே வருது என்றார். அவ்வளவுதான், ஒரே சிரிப்பு, சாந்தம்மா அண்ணி அடுப்படியில் இருந்து ஓடி வந்து எனக்கும் காட்டுங்க என்கிறாள். அந்த மனிதருக்கு நீ வரும்போது ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வா.

சிரித்து முடித்த பிறகு அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் விடாமல், அது சரி, சம்பாத்தியம் இன்னா, அதைச் சொல்லலியே என்று பிடித்துக்கொண்டார். கவுண்டர் வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டார். உன் அப்பா காலுக்கடியில் பாயைப் பார்க்கிறார். ஆமை, பிரியாணி எல்லாம் சொல்ல முடியுமா? எனக்கு நாக்கு துறுதுறுவென்று இருந்தது, அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, சம்பாத்தியம் கிடக்குதுங்க, எம் பையனை நம்பி பேங்க்குல ஒரு ஈடும் இல்லாம நாலு லட்சம் குடுத்திருக்காங்க என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா என் புடவையைப் பிடித்து இழுத்தார். ஆனால் சுவரோரம் இருந்தவர்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நீ நினைத்துப் பார், இங்கே யாருக்காவது பேங்க்கில் சும்மா பணம் கொடுத்திருக்கிறானா? மலை நிலம் என்று நம் நிலத்தை அடமானம் வாங்க மாட்டான், நகையைக் கொண்டு போனால் உரசி உரசிப் பார்த்துப் பாதிக்கும் குறைவாகத்தான் கொடுப்பான். நமக்குத் தெரிந்து பொருளைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கிறவர் செங்கத்துப் புளி வியாபாரி ஒருத்தர்தான், அவரும் மரம் பூத்து நிற்பதை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மடியை அவிழ்ப்பார். அந்தப் பெரியவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். நாலு லட்சம் முன்பணமா, அப்ப பூ எப்படிப் பூத்திருக்கணும் என்றார். பேங்க்காரன் ஏமாறுவானா, படிச்சவன் என்றார் இன்னொருத்தர். வடிவேலு அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, உள்ளே பார்த்து, முறுக்கு இன்னும் கொண்டாம்மே என்றார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? இல்லை. திருத்தினேனா என்று கேட்டால் அதுவும் இல்லை, முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ரேணுகா ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து நிற்கிறாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எங்களைப் பார்த்து, வாங்க அத்தை, வாங்க மாமா என்றாள், முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் அப்பா பெருமை தாங்காமல், ஏம்மா, ஜீவானந்தத்துக்குப் பேங்க்குல நாலு லட்சம் முன்பணம் குடுத்திருக்காங்களாம் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் முறுக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டேன். அப்பா, அது முன்பணம் இல்ல, படிப்புக் கடன், வட்டியோட திருப்பிக் கட்டணும் என்று பளிச்சென்று போட்டு உடைத்துவிட்டாள். கூடத்தில் இருந்த முகமெல்லாம் மழையில் நனைந்த கோழி மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அட, கடனா, எம் பொண்ணு சர்க்கார் செலவுல படிச்சவ, ஒரு ரூவா கடன் இல்லாதவ என்று வடிவேலு அண்ணன் ஆரம்பித்தார். அதற்கு அவள், யாருப்பா சொன்னது, நானும் வாங்கினேன், ரெண்டு லட்சம், நீ ஏதோ காலேஜ் பாரம்னு கையெழுத்துப் போட்டியே அதுதான், போன ஆடியிலதான் கட்டி முடிச்சேன் என்றாள்! அண்ணன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் ஜீவா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, சிரித்தால் சம்பந்தம் போய்விடும், புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். சாந்தம்மா அண்ணிதான், அப்ப நர்சு படிப்புக்கும் கடன்தான், பொம்மை படிப்புக்கும் கடன்தான், எம் பொண்ணு கட்டலியா என்று ஒரே போடாகப் போட்டாள். பெரியவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அம்மா, நர்சுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வரும், அவரு படிப்புக்கு வராது, அது வேற கணக்கு என்று ரேணுகாவே சொன்னாள். உள்ளதை உள்ளபடி சொல்கிற பெண்ணடா அது. அப்புறம்தான் பரிசப் பேச்சு வந்தது. கீழ்நாட்டில் மாதிரி பெண் வீட்டைப் பிடுங்குகிற வழக்கம் நமக்கு இல்லையே, பிள்ளை வீடுதான் பரிசம் வைக்க வேண்டும், கடனில் இருக்கிறவனிடம் என்ன கேட்பது என்று அவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அவள் நடுவில் வந்து நின்று, பரிசத்த நான் சொல்றேன் என்றாள். பெண் தன் பரிசத்தைத் தானே சொல்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை, ஆனால் அன்றைக்கு எல்லா வழக்கமும் என்னால் ஏற்கெனவே கெட்டுப் போயிருந்ததால் யாரும் தடுக்கவில்லை. நீ உளியை விட்டுவிட்டுச் செருப்புக் கம்பெனிக்குப் போகப்போவதை உன் அப்பா அதற்குள் அவளிடம் சொல்லியிருந்தார், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். செருப்புக் கம்பெனிக்குப் போகட்டும், போகாம இருக்கட்டும், கடனை ரெண்டு பேரும் சேந்து கட்டிக்கலாம், அது பெரிய விசயம் இல்ல, ஆனா பரிசம் அவரு கையால புதுசா செஞ்ச ஒண்ண வித்த காசா இருக்கணும், நூறு ரூவாயோ லட்ச ரூவாயோ, வித்த காசு எவ்வளவோ அவ்வளவுதான் என் பரிசம், அதுல சம்பளக் காசு ஒரு ரூவா கலந்திருந்தாலும் வேணாம். அப்படிச் சொன்னாள். மாசியில் புளி உலுக்குவதற்குள் கொண்டுவர வேண்டும் என்று கெடுவும் வைத்துவிட்டாள். உன் அப்பா மெதுவாக, நானே வாங்கிக்கலாமா என்று கேட்டார். மாமா, அத்தை, சொந்தக்காரங்க வாங்கினா கணக்குல சேராது என்றாள். ரங்கசாமிக் கவுண்டர், நான் சொந்தம் இல்லம்மா, அந்த மாட்டுக்கு முன்பக்கம் செஞ்சா நான் வாங்குறேன் என்றார். பெண் கேக்க வந்தவங்களும் வாங்கக் கூடாது என்றாள். கவுண்டருக்கு நிஜமாகவே வருத்தம்.

உன்னைக் கேட்காமல் நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். வெற்றிலை மாற்றியாகிவிட்டது. கோபம் வந்தால் நேரில் வந்து காட்டு, உனக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு வைத்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன். இங்கே இந்த வருஷம் சாமை பரவாயில்லை, பன்றி கொஞ்சம் மிதித்துவிட்டது. உனக்கு இதோடு ஒரு பையில் சாமை அரிசியும் தேனும் அனுப்புகிறேன், தேனைச் சிநேகிதர்களுக்கு ஊற்றித் தீர்த்துவிடாதே. உருக்குகிற இடத்தில் மூக்கைத் துணியால் கட்டிக்கொள், உன் இருமல் போனிலேயே கேட்கிறது. என்ன செய்வது என்று மலைத்துப்போய் உட்கார்ந்துவிடாதே, பெரிதாக வேண்டாம், ஒரு ஆள் கையில் எடுத்துக்கொண்டு போகிற அளவில் இருந்தால் வாங்குகிறவர்களுக்கும் பஸ்ஸில் கொண்டுபோக வசதி. முழுசாக ஒன்று செய்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி, அது உன் இஷ்டம். கடைக்காரர் பாதி எடுத்துக்கொள்வதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கறாராகப் பேசு.

இன்னும் ஒன்று இருக்கிறது. எங்களைப் பஸ் ஏற்றிவிட ரேணுகா கூடவே வந்தாள். உன் அப்பாவும் கவுண்டரும் டீக்கடைக்குப் போன நேரம், அவரு என் போனை எடுத்து மூணு மாசம் ஆவுது அத்தை, கடன் இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, நானும் கட்டினவதானே என்றாள். அவ்வளவு நேரம் கூடத்தையே ஆட்டிவைத்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஏம்மா, மாசி வரைக்கும் ஒருத்தரும் வாங்கலன்னா இன்னா செய்யறது என்று கேட்டேன். வாங்கலன்னா இன்னா அத்தை, வெறுங்கையோட வரச் சொல்லுங்க, நான் வேற யாரையும் கட்டிக்கப் போறது இல்ல, ஆனா இதை இப்ப அவருகிட்ட சொல்லிடாதீங்க, சொன்னா உளியை எடுக்க மாட்டாரு என்றாள். சொல்லவே மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். சொல்லிவிட்டேன். வாய் அரிப்பு என்று நினைத்துக்கொள், ஆனால் அது மட்டும் இல்லை கண்ணு. கடன்காரனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று எழுதினாயே, அந்த எழுத்து கோணலாக இருந்தது, ராத்திரி உன் அப்பா தூங்கின பிறகு அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி எடுத்துப் படித்தேன். அந்தப் பெண் உன்னை ஏற்கெனவே எடுத்துக்கொண்டாள், விலை கேட்காமல் எடுத்துக்கொண்டாள். இது தெரிந்த பிறகும் உனக்கு உளியை எடுக்கத் தோன்றினால் எடு, அப்போது செய்வதுதான் நன்றாக வரும் என்று எனக்குப் படுகிறது. தெரிந்த மாதிரி மட்டும் அவளிடம் காட்டிக்கொள்ளாதே, என் சத்தியம் போய்விடும்.

நீ நூறு வயசு இருந்து, கையும் கண்ணும் நோகாமல், கடன் தீர்ந்து, வீடு நிறைந்து வாழ வேண்டும் என்று நானும் உன் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். இதை மடித்து வைத்ததும் முதல் காரியமாக அவளுக்குப் போன் போடு. டூட்டி ஆறு மணிக்கு முடிகிறது. எனக்கு அப்புறம் போடலாம், நான் பாறைமேல்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
வாயை அடக்கத் தெரியாத உன் அம்மா,
வே. கெங்கம்மாள்.